பினாயில் வேண்டாம்

சாலை, திருவனந்தபுரம்
8-6-1953

போனக்காட்டில் இருக்கும் அத்தானுக்கு வடிவு எழுதுவது.

நான் நலம். நீங்கள் போன மாதம் போட்ட கடிதத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். எழுதவும் ஒன்றும் இல்லை. இப்போது ஒரு காரியம் வந்திருக்கிறது. அதைக் கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

நான் வீட்டில் எலி வளர்க்கிறேன்.

நம் குழந்தை நீலா போய், நீங்களும் எஸ்டேட்டில் கம்பவுண்டர் வேலை என்று மலையேறிப் போன பிறகு, இந்த மாடியில் நானும் சுவரும்தான். பக்கத்து மாடி தங்கபாய் டீச்சர் ஒரு நாள் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே இரண்டு வெள்ளை எலிகள். அவள் தம்பி படிக்கிற காலேஜில் விடுமுறைக்கு அவற்றைக் கொன்றுபோடப் போகிறார்கள் என்று அவன் எடுத்துவந்துவிட்டானாம்.

"ரெண்டு நாளைக்கு வச்சுக்கோ வடிவு. எங்க அம்மை எலியைக் கண்டா ஊரைக் கூட்டிருவா."

இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. அதற்குள் ஒன்று குட்டி போட்டுவிட்டது. கண் திறக்காத குட்டிகள், நகம் அளவு. ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறப் பார்த்து உருண்டு விழுந்தது, திரும்ப ஏறியது, திரும்ப விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அழுவதற்குப் போனாள் என்று நினைக்கிறேன்.

இப்போது கஷ்டம் என்னவென்றால் வாடை. மழை பிடித்ததிலிருந்து ஜன்னல் திறக்க முடியவில்லை. ஒரு பழைய மாம்பலகைப் பெட்டியில் விட்டிருக்கிறேன். எத்தனை துடைத்தாலும் மூக்கைத் துளைக்கிறது. கீழே நம் வீட்டுக்காரர் தாணுலிங்கம் பிள்ளையின் அரிசி மண்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் மூக்கும் தெரியும். நேற்று மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"எம்மா வடிவு, மேலே எலி கிலி செத்துக் கிடக்கா? அரிசியில எலி மணம் ஏறிச்சுன்னா சாலைக்கடையில ஒருத்தி வாங்க மாட்டா, கேட்டியா?"

பார்க்கிறேன் மாமா என்றேன். சாம்பிராணி போட்டேன். கற்பூரத்தைப் பொடித்துப் பெட்டியில் தூவினேன். வாடை போகவில்லை, கற்பூர வாடையும் சேர்ந்துகொண்டது. தாய் எலி தும்ம ஆரம்பித்து, இன்று மூச்சு விடுவதே சத்தமாகக் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் வேலை பார்த்த பரிசோதனைச்சாலையில் வரிசை வரிசையாக வெள்ளை எலி வைத்திருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அங்கே வாடைக்கு என்ன செய்தார்கள்? அதை மட்டும் எழுதினால் போதும்.

பினாயில் என்று எழுத வேண்டாம். அந்த வாடை இந்த வீட்டில் இனி ஒரு நாளும் வரக்கூடாது.

வடிவு


போனக்காடு எஸ்டேட்
15-6-1953

அன்புள்ள வடிவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டேன். உள்ளே இருந்த விஷயம் அப்படி இல்லை.

கீழே அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் கட்டடத்தில் எலி வளர்ப்பது சரியல்ல. அது நம் சொந்த வீடும் அல்ல. அவற்றை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. பெட்டியை எரித்துவிட்டு, தரையைக் கொதிநீரில் பினாயில் கலந்து கழுவு. வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கம்பவுண்டர் என்ற முறையில் வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது.

இங்கே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஒன்றை நான் திறப்பதே இல்லை. நீ வந்தால் நல்லது. முன்பும் எழுதியிருக்கிறேன்.

அழகியநம்பி


போனக்காடு எஸ்டேட்
4-7-1953

அன்புள்ள வடிவுக்கு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நேற்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். 'நான் சிரித்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தாய். முதல் தடவை வாடை, வீட்டுக்காரர், பினாயில் எல்லாவற்றையும் படித்தவன் அந்த வரியை மட்டும் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. டிஸ்பென்சரியில் ஆட்கள் காத்திருந்தார்கள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மருந்து அறையில் போய் நின்றேன்.

எலிகளைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் போய் வாங்கி வா.

முதலில் கற்பூரத்தையும் சாம்பிராணியையும் நிறுத்து. மணத்தை மணத்தால் அடிக்க முடியாது. அவற்றின் நுரையீரல் ஒரு பயறு அளவுகூட இருக்காது. நமக்கு வாசனையாக இருப்பது அவற்றுக்குப் புகை. தாய் எலியை நல்ல காற்று வரும் இடத்தில் வை, ஆனால் காற்று நேராக அடிக்கக் கூடாது. தும்மல் நின்றுவிடும்.

மாம்பலகைப் பெட்டிதான் உன் முதல் எதிரி. பலகை மூத்திரத்தைக் குடித்துக்கொள்ளும், எத்தனை துடைத்தாலும் திருப்பித் தராது. பழைய தகரப் பெட்டி ஏதாவது வாங்கிக்கொள். மூடிக்குப் பதிலாகக் கம்பி வலை கட்டு. மூடி வைத்தால் வாடை வெளியே வராது என்று எண்ணாதே. அது உள்ளேயே கிடந்து அவற்றின் கண்ணை எரிக்கும்.

எலி நாம் நினைப்பதைவிட ஒழுங்கான பிராணி. ஒரு மூலையைத்தான் கக்கூஸாக வைத்துக்கொள்ளும். அந்த மூலையை மட்டும் தினமும் அள்ளிவிட்டுப் புதுசு போடு. மிச்சத்தை வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். தகரத்தைக் கழுவ வெந்நீரில் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி கொஞ்சம் விடு, பிறகு வெயில். வெயில் இல்லாவிட்டால் அடுப்படிச் சூடு. மீனும் ஈரச் சோறும் போடாதே. ராகி, கோதுமை, கொஞ்சம் காய். தின்றதுபோக மிஞ்சியதை எடுத்துவிடு. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வை. வாடையில் முக்கால் பங்கு ஆணுடையது. பிரிக்காவிட்டால் தீபாவளிக்குள் தாணுலிங்கம் பிள்ளையின் மண்டியையும் வாடகைக்கு எடுக்க வேண்டிவரும்.

அடியில் போடக் காகிதமும் பழந்துணியும் போதாது. தேயிலைப் பெட்டி செய்கிற ஆசாரியிடம் இழைப்புளிச் சீவல் கேட்டேன். "என்னத்துக்கு சாமி?" என்றார். வீட்டில் எலி வளர்க்கிறாள் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். மணமில்லாத மரம், நன்றாக உலர்ந்தது. வியாழக்கிழமை எஸ்டேட் லாரியில் வரும். டிரைவர் ஸ்ரீகண்டன் மண்டி வாசலில் இறக்கித் தருவார்.

இங்கே விடாத மழை. சட்டை காய்வதில்லை. அட்டை கடிக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

குட்டிகள் கண் திறந்துவிட்டனவா?

அழகியநம்பி


சாலை, திருவனந்தபுரம்
16-7-1953

அத்தானுக்கு,

சாக்கு வந்து சேர்ந்தது. சீவலைக் கையில் அள்ளிப் பார்த்தேன், சுருள் சுருளாக நன்றாக இருந்தது. கண் திறந்து வெகு நாளாகிவிட்டது. தாய் எலிக்குத் தும்மல் நின்றது. நீங்கள் எழுதியபடியே தகரப் பெட்டி இரண்டு வாங்கி வலை கட்டினேன். வாடை பாதிக்கு மேல் குறைந்தது. இதற்காக உங்களுக்கு என் நன்றி.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

போன ஞாயிறு, வாரத்துக்கு ஒரு தடவை என்று நீங்கள் எழுதியபடி எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு துரும்பு விடவில்லை. கூட்டைப் பிய்த்து எறிந்தேன். தகரத்தைத் தேய்த்துக் கழுவி, புதுச் சீவல் போட்டு எலிகளை விட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. பார்த்தால் அவை பைத்தியம் பிடித்ததுபோல் ஓடுகின்றன. தாய் மூலை மூலையாகப் போய் முகர்கிறது. எதையோ தேடுகிறது, கிடைக்கவில்லை. ஆண் எலி தன் பெட்டி முழுக்க நனைத்து வைத்தது. மறுநாள் வாடை முன்னைவிட மோசம்.

எனக்கு என்ன தோன்றியதோ, குப்பைக் கூடையில் கிடந்த பழைய கூட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து உள்ளே போட்டேன். தாய் ஓடிவந்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. குட்டிகளும் வந்து ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தூங்கிப்போயின. அதன் பிறகு வாடையும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவக் கூடாது. அது அவற்றின் வீடு என்று தெரிய ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

அத்தான், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று இந்த வீட்டில் பினாயில் வாடைதான் இருந்தது. தொட்டில் கட்டிய சேலை இல்லை. பாய் இல்லை. அவள் சட்டைகள் ஒன்றும் இல்லை. தலையணை உறைகூட இல்லை. தரை ஈரமாக, வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு நின்றீர்கள். எங்கே என்று கேட்டதற்கு "எரிச்சாச்சு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைதான்.

நானும் மூலை மூலையாகப் போய் முகர்ந்து பார்த்தேன். பத்து மாதம் இந்த அறையில் இருந்தவளின் வாசனை ஒரு நூலில்கூட இல்லை. எனக்கு ஒரு துணி விட்டிருக்கலாம். ஒன்றே ஒன்று.

எலிக்கு இருக்கிற நியாயம் எனக்கு இல்லையா?

வடிவு


போனக்காடு எஸ்டேட்
25-7-1953

என் வடிவுக்கு,

உன் கடிதம் வந்து நான்கைந்து காகிதம் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

ஒரு பிடி பழைய கூடு விட வேண்டும் என்பது பரிசோதனைச்சாலையில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். மறக்கவில்லை. சீவல் வரையில் எழுதிவிட்டேன், அதை எழுதும்போது பேனா ஓடவில்லை. உன் கண்ணுக்கு அந்த வரி என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

நீலாவுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை. தொண்டை அடைப்பான். டாக்டர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் தனியே அழைத்துக்கொண்டு போனார். "நம்பி, உனக்குச் சொல்லித்தர வேண்டாம். துணி, பாய், விளையாட்டுச் சாமான் எல்லாத்திலும் அது இருக்கும். உன் வீட்டுக்காரி குழந்தையை இறக்காமல் தோளில் போட்டிருந்தவள். அவள் வீட்டுக்குப் போகிறதுக்குள்ளே எல்லாத்தையும் முடிச்சிரு" என்றார்.

நான் உனக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்தது அதற்குத்தான். கொல்லையில் வைத்து எரித்தேன். மஞ்சள் பூப்போட்ட சட்டை ஒன்று, உன் அம்மை தைத்துக் கொடுத்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை மட்டும் கொதிக்க வைத்து எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். கொதிக்க வைத்தாலும் நீ கேட்கிற வாசனை அதில் இருக்காது. கொதிக்க வைக்காவிட்டால் நீ முகர்ந்து பார்ப்பாய். அதையும் போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் உன்னை ஜன்னல் பக்கம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தேனே, நினைவிருக்கிறதா? "நான் உங்க பெண்டாட்டியா, நோயாளியா?" என்று ஒரு நாள் கையைத் தட்டிவிட்டாய். வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை என்று கண்ட பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். இப்படி ஒரு நோய், உனக்கும் வரலாம் என்று சொன்னால், வரட்டும், நானும் அவளோடு போகிறேன் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். பிறகு சொல்வதற்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிறவன், வீட்டில் இருந்த குழந்தைக்கு முதல் நாள் வெறும் காய்ச்சல் மிக்ஸ்சர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை வடிவு. அதனால்தான் மலைக்கு வந்தேன். உன்னை விட்டு வரவில்லை.

அழகியநம்பி


சாலை, திருவனந்தபுரம்
7-8-1953

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அடுப்பு மூட்டவில்லை. தங்கபாய் டீச்சர் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன என்று கேட்டாள். "அத்தான் எழுதியிருக்கார்" என்றேன். "நல்லதா கெட்டதா?" என்றாள். "நல்லது" என்றேன்.

அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் பயந்தபடிதான் நான் சொல்லியிருப்பேன். நானும் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் சொல்லாததும் சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் இத்தனை நாள் நீங்கள் அதைத் தனியே சுமந்திருக்க வேண்டாம். அந்தச் சட்டையில் பூ மஞ்சள் இல்லை, ஊதா. மஞ்சளாக இருந்தது சட்டைத் துணிதான். நினைவில் இருந்தால் சரியாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தாணுலிங்கம் பிள்ளை மாமா செவ்வாய்க்கிழமை நேராக மேலே வந்துவிட்டார். நான் பெட்டியை மறைக்க நேரம் இல்லை. வாசலில் நின்று பார்த்தார். துண்டு தோளிலிருந்து நழுவிவிட்டது.

"எனக்க மண்டிக்கு மேலயா எலி வளக்குதே? நீ என் பொண்ணு மாதிரின்னு நெனச்சேனே பிள்ளே!"

பெட்டியின் முன்னால் போய் நின்றேன். "மாமா, கோபப்படுங்க, ஆனா முதல்ல ஒரு தடவை முகந்து பாருங்க. மணம் இருந்தா நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுதேன்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு நடு அறையில் நின்று மூச்சை இழுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து இழுத்தார். வலையில் மூக்கை வைத்தே இழுத்தார். ஒரு குட்டி நிமிர்ந்து நின்று அவர் மூக்கை முகர்ந்தது.

"மரச்சீவல் மணம்தான் வருது," என்றார். "அப்பம் கீழே நாறுதது என்னது?"

இருவரும் கீழே போனோம். ஆட்களை விட்டு மூட்டைகளை நகர்த்தினார்கள். சுவரோரம் கடைசி மூட்டைக்குப் பின்னால் சாதாரணக் கறுப்பு எலிகள் கூடுகட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெள்ளைக்கார எலி மேலே மரியாதையா இருக்கு. நாறினது நம்ம ஆளுகதான்!"

மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கச் சொன்னேன். செய்கிறார். என்னை வீட்டைக் காலிசெய்யச் சொல்லவில்லை. "மத்தவங்க காதுல விழாம வச்சுக்கோ மக்களே, இருந்துட்டுப் போவட்டு, சாரமில்லை" என்று மட்டும் சொன்னார்.

திருவோணத்துக்கு எஸ்டேட்டில் லீவு உண்டு என்று லாரி டிரைவர் ஸ்ரீகண்டன் சொன்னார். வாருங்கள்.

வடிவு


போனக்காடு எஸ்டேட்
30-8-1953

அன்புள்ள வடிவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விதுரைக்கு மேலே ரோட்டில் மரம் விழுந்துகிடந்தது, நடந்துதான் வந்தேன்.

நான் வந்த அன்று நீலா இருந்த உள்ளறை வாசலிலேயே நின்றதை நீ பார்த்தாய். வா என்று கூப்பிடவில்லை. கதவை முழுக்கத் திறந்துவைத்துவிட்டு எலிப்பெட்டியை என் காலடியில் கொண்டுவந்து வைத்து, "மூலையை அள்ளுங்க, நான் குட்டிகளைப் பிடிச்சுக்கிறேன்" என்றாய். அதற்காக உனக்கு எப்படி நன்றி சொல்வது? அள்ளி முடித்து, வினாகிரித் தண்ணீர் எடுக்க எழுந்தபோதுதான் உள்ளறை நடுவில் நிற்கிறேன் என்று தெரிந்தது. உன்னைப் பார்த்தேன். நீ குட்டியைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான்கு நாள் போதவில்லை.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். நகரத்தில் பழைய டாக்டருக்கு எழுதிப்போட்டு இடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். இனி அந்த அறையில் என்னால் இருக்க முடியும். அவள் இருந்த இடத்தை விட்டு உன்னை வரச்சொல்லி இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தது என் தப்பு. நான் இறங்கி வருகிறேன்.

டிஸ்பென்சரியில் ஒரு கிழவி என் சட்டைக்குப் பக்கத்தில் வந்து, "சாமிகிட்ட ஏதோ பிராணி வாடை அடிக்குதே" என்றாள். ஆமாம் என்றேன். சட்டையை இன்னும் தோய்க்கவில்லை.

அழகியநம்பி


சாலை, திருவனந்தபுரம்
10-9-1953

அன்புள்ள அத்தானுக்கு,

டாக்டருக்கு எழுத வேண்டாம். எழுதியிருந்தால் வேண்டாம் என்று இன்னொன்று எழுதுங்கள். நான் வருகிறேன்.

நீங்கள் அந்த அறையில் நிற்க முடியுமா என்று பார்க்கத்தான் இத்தனை நாள் நான் இங்கே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. நின்றுவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு அந்த அறை எனக்கு வெறும் அறையாகிவிட்டது. நீலா அங்கே இருக்கிறாள் என்று காவல் இருந்தேன். அவள் அங்கே இல்லை. நீங்கள் வந்திருந்தபோது ஊதாப் பூவா மஞ்சள் பூவா என்று நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோமே, அப்போது இருந்தாள்.

லயத்தில் குடியிருக்கிற தோட்டத் தொழிலாளிப் பெண்கள் பிரசவத்துக்கு விதுரை வரை நடந்து போகிறார்கள் என்று சொன்னீர்கள். குழந்தைகளின் தொண்டையைப் பார்க்க எனக்கும் சொல்லிக்கொடுங்கள். காய்ச்சல் என்று வருகிற குழந்தையை முதல் நாளே யாராவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாய்மார்கள் உங்களைவிட என்னிடம் சீக்கிரம் கொடுப்பார்கள்.

எலிகளில் தாயும் இரண்டு பெண் குட்டிகளும் என்னோடு வருகின்றன. மற்றவற்றைத் தங்கபாய் டீச்சர் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்கிறாள். அவள் அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை. தாணுலிங்கம் மாமா ஒரு மூட்டை அரிசியைத் தானே லாரியில் ஏற்றிவிட்டு, "மலையில அரிசி நல்லதா கிடைக்காது, எதிர்த்து ஒண்ணும் பறயாண்டாம்" என்று சண்டை போட்டார். பிறகு கடைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மூடிக்கிடக்கிற அந்த இரண்டாவது அறையைத் திறந்து வையுங்கள். மழைக்காலத்தில் அடைத்த அறையில் என்ன வாடை இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெந்நீரும் வினாகிரியும் போதும்.

வியாழக்கிழமை லாரியில் முன் சீட்டில் வருகிறேன். எனக்கு மலையேறிப் பழக்கமில்லை. வாந்தி எடுத்தால் சிரிக்கக் கூடாது. பேச வேண்டியதையெல்லாம் எழுதியாயிற்று. வந்ததும் கேள்வி ஒன்றும் கேட்காதீர்கள்.

நீலாவுக்காக நீங்கள் அழுது நான் பார்த்ததே இல்லை அத்தான். மருந்து அறைக்குள் போய் அழுதிருப்பீர்கள். இனி அங்கே போக வேண்டாம். நான் வந்த பிறகு அழுங்கள், என் பக்கத்தில் உட்கார்ந்து.

உங்கள் வடிவு